தரையில் கால் வைக்காத இளவரசி

இளவரசியின் கண்கள் நீலம். ஒவ்வொன்றும் ஒரு சாசர் அகலம். ஆனால் அவற்றின் வழியாக ஒன்றும் தெரியாது. வெறும் பெயின்ட். அந்தப் பெரிய பொம்மைத் தலைக்குள் நிற்கும் ஆள் வெளியே பார்ப்பது வாய் வழியாகத்தான். இரண்டு உதடுகளுக்கும் நடுவே கறுப்பு வலைத்துணி ஒட்டியிருக்கும். இளவரசி எவ்வளவு சிரிக்கிறாளோ அவ்வளவுதான் உள்ளே இருப்பவளுக்கு உலகம்.

மங்களம் அந்தச் சிரிப்பின் வழியாகப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் அடுகோடியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குடோனில், தலையைக் கவிழ்த்துப் போட்டு உள்பக்கம் டெட்டால் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை துடைத்தாலும் அவளுடைய வியர்வை வாடை அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த வாடை இல்லாவிட்டால் அவளுக்கே அது வேறு யாருடைய தலையோ என்று தோன்றும்.

"அக்கா, ரொம்ப மெனக்கெட்டுத் தொடைக்காதீங்க," என்றபடி ஹரிஷ்குமார் வந்தான். முதலாளி ரங்கநாதனின் மகன். குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களை நடத்திக் கொடுப்பது அவர்கள் தொழில். அப்பாவுக்கு முழங்கால் போன பிறகு மகன் கைக்கு வந்திருக்கிறது.

"ஏன் தம்பி?"

"இன்னிக்கு வைட்ஃபீல்ட் பார்ட்டி முடிஞ்சா அதுக்கு வேல இல்ல. தும்கூர்ல மேளா போடறவர் ஒருத்தர் கேக்கறார். குடுத்துடலாம்னு இருக்கேன்."

மங்களத்தின் கை நின்றது. துணியிலிருந்து தண்ணீர் அவள் முழங்கை வரை வழிந்தது.

"அப்ப நானு?"

"நீங்க எங்க போறீங்க? காஸ்ட்யூம் தொவைக்கறது, இஸ்திரி, பலூன் எல்லாம் நீங்கதான். தலை போட்ட பொம்மைய இப்ப யாருமே கேக்கறதில்லக்கா. நெஜ மூஞ்சி வேணுங்கறாங்க. அதுக்குத்தான் தர்ஷினிய எடுத்தது."

"புள்ளைங்க கேட்டா?"

"என்னது?"

"புள்ளைங்க இந்தத் தலைதான் வேணும்னு கேட்டா?"

ஹரிஷ்குமார் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு. "கேட்டா பாக்கலாம். இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே பார்ட்டிக்குத்தானே போறீங்க. தெரிஞ்சிடும்."

அவன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். மங்களம் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அவள் இந்தத் தலைக்குள் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. இருபத்தாறு வயதில் மாரத்தஹள்ளிப் பக்கம் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தபோது அங்கே சித்தாள் வேலை பார்த்தாள். ஸ்ரீராம்புரத்திலிருந்து விடிவதற்கு முன் லாரியில் ஏறிப் போவார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஏதோ குடிபுகும் விழா. அதற்கு வந்த ரங்கநாதன், கலவைச் சட்டியோடு சாரத்தின் மேல் நடந்துபோன மங்களத்தை நின்று பார்த்தார். தலையில் அத்தனை கனத்தை வைத்துக்கொண்டு, கையை விட்டுவிட்டு, கழுத்து ஒரு நூல்கூட ஆடாமல் போகிறாளே என்று பார்த்தார். அவரிடம் அப்போதுதான் பம்பாயிலிருந்து ஓர் இளவரசித் தலை வந்து இறங்கியிருந்தது. ஐந்து கிலோ. போட்டுப் பார்த்த பெண்கள் எல்லோரும் பத்து நிமிஷத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மங்களம் ஒரு பழைய சேலைத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் இளவரசியை ஏற்றிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் அசையவில்லை. அன்றிலிருந்து அவள்தான் இளவரசி. இன்றைக்கும் அந்தச் சும்மாடு உள்ளே இருக்கிறது. துணிதான் நாலைந்து முறை மாறியிருக்கிறது.

ஒரு பொம்மைப் படத்தில் வரும் அந்த இளவரசியின் பெயர் மிலாரா. அவள் கால் தரையில் பட்டால் அரண்மனை முழுவதும் கல்லாகிப்போகும் என்று ஒரு சாபம். அதனால் பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். தாதி தூக்குவாள், சேவகர்கள் பல்லக்கில் தூக்குவார்கள், கடைசியில் ஓர் இளவரசன் வந்து கையில் ஏந்திக்கொண்டு போவான். அந்தப் பொம்மைப் படம் தமிழிலும் கன்னடத்திலும் பேசி டிவியில் வராத லீவு நாள் கிடையாது.

ஆகவே விழாக்களிலும் அவளைத் தூக்கித்தான் வந்தார்கள். முதலில் நாலு பேர் தலைப்பாகை கட்டிக்கொண்டு பல்லக்கு சுமந்தார்கள். பிறகு ஆள் கிடைக்காமல் பல்லக்குக்குச் சக்கரம் வந்தது. தள்ளுவதற்கு, வேன் ஓட்டும் கன்னடக்காரன் மஞ்சுநாத் ஒருவன் போதும் என்று ஆனது. ஆனால் சட்டம் மாறவில்லை. இளவரசி பேசக் கூடாது. தலையைக் கழற்றக் கூடாது. எது நடந்தாலும் கால் தரையில் படக் கூடாது. அவளுக்கு வெள்ளை சாட்டின் ஷூ உண்டு. ஒவ்வொரு விழா முடிந்ததும் ரங்கநாதன் அந்த ஷூவை வாங்கித் திருப்பி, அடிப்பக்கத்தை விளக்கடியில் பார்ப்பார். தூசி இருந்தால் அடுத்த மூன்று வாரத்துக்கு மங்களத்தைக் கூப்பிட மாட்டார். "ஒரு கொழந்த பாத்துட்டா போதும் மங்களம். நம்ம அரண்மனை இடிஞ்சுது" என்பார். இரண்டே முறைதான் அப்படி நடந்தது. அதற்குப் பிறகு அவளுடைய கால்கள் தானாகவே கற்றுக்கொண்டுவிட்டன. பல்லக்கில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் மடங்கிப் பாவாடைக்குள் போய்விடும்.

அந்த முதல் இளவரசிக்கு மஞ்சள் முடி. வாய் சின்னது, மூடின உதடு, ஒரு கோடு போலச் சிரிப்பு. அந்தக் காலத்தில் மங்களத்துக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே ஒரு முழ அகலம். கேக்கின் மெழுகுவர்த்தி தெரிந்தால் குழந்தையின் முகம் தெரியாது.

எட்டொன்பது வருஷம் கழித்து மிலாரா டிவி தொடராக வந்தாள். இப்போது முடி பழுப்பு. இடுப்பில் பெல்ட், முதுகில் கயிற்றேணி. யாரும் தூக்கத் தேவையில்லை, ஒரு வாத்தின் மேல் ஏறி அவளே பறப்பாள். ஆனாலும் கால் தரையில் படாது. ரங்கநாதன் புதுத் தலை வாங்கவில்லை. ஜெயராமன் என்ற பெயின்டரைக் கூப்பிட்டுப் பழைய தலையையே மாற்றச் சொன்னார். மஞ்சள் நூல்முடி போய்ப் பழுப்பு முடி வந்தது. தொடரில் அவள் வாய்விட்டுச் சிரிப்பவள் என்பதால் ஜெயராமன் பிளேடை எடுத்து வாயை இரண்டு பக்கமும் கிழித்துப் பெரிதாக்கினான். அன்று தலையைப் போட்டுக்கொண்ட மங்களம் முதன்முறையாக ஒரு பிறந்தநாள் விழாவை முழுசாகப் பார்த்தாள். ஓரமாக நின்று பேசாமல் இருந்த அப்பாக்கள், தட்டை மறைத்துக்கொண்டு இரண்டாவது துண்டு கேக் தின்ற ஒரு கிழவர், குழந்தையைத் தூக்கி வந்து தான் மட்டும் சாப்பிடாமல் நின்ற வேலைக்காரப் பெண். இளவரசி வாயைத் திறக்கத் திறக்க நமக்கு நல்லது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் மூன்றாவது மிலாரா வந்தாள். கம்ப்யூட்டரில் செய்த படம். இவளுக்குக் கறுத்த முடி, மாநிறம், மூக்கில் லேசாக ஒரு வளைவு. செருப்பே கிடையாது. படத்தின் நடுவில் பல்லக்கிலிருந்து அவளாகவே இறங்கி வெறுங்காலில் தரையில் நிற்கிறாள். அரண்மனை கல்லாகவில்லை. சாபமே இல்லை, எல்லாம் ராஜா கட்டிவிட்ட பொய்.

ஊரே ஆச்சரியப்பட்டது. மங்களம் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு அது முன்பே தெரியும்.

முப்பத்தெட்டு வயதில்தான் அவள் எழுத்துக் கற்றாள். ஸ்ரீராம்புரத்தில் பெண்கள் சங்கம் நடத்திய மாலை வகுப்பு. துப்புரவு வேலை முடித்து வந்தவர்களோடு தரையில் உட்கார்ந்து அ, ஆ என்று ஆரம்பித்தாள். கை சொன்னபடி வளையாது. கரண்டி பிடிப்பதுபோலப் பென்சிலைப் பிடிப்பாள். அந்தச் சமயம் ஒரு விழாவில் குழந்தைகளுக்குக் கொடுத்தது போக மிச்சமாகி ஒரு படப் புத்தகம் கிடைத்தது. இளவரசியின் கதை, தமிழில், பெரிய எழுத்தில். அவள் தானாகப் படித்த முதல் புத்தகம் அதுதான். பதினாறு பக்கத்துக்கு மூன்று வாரம் ஆனது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போனாள். அப்படிப் போகிறவளுக்கு எதுவும் தப்பாது. வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போகிற இடத்தில் அவள் நின்று மூச்சு வாங்குவாள்.

அப்படி நின்ற ஓர் இடத்தில்தான் அவளுக்குப் பட்டது. கால் பட்டால் அரண்மனை கல்லாகும் என்று ராஜா சொன்னார், தாதி சொன்னாள், மந்திரி சொன்னார். பதினாறு பக்கத்திலும் சொல்வதுதான் இருக்கிறது. கல்லான ஒரு தூண்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை. யாராவது ஒரு தடவை வைத்துப் பார்த்தார்களா என்றால் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் யோசித்தாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. போய்ப் பல்லக்கில் ஏறிக் காலை மடக்கிக்கொண்டாள். தெரிந்துவிட்டது என்பதற்காகக் கால் மாறிவிடுமா என்ன.

வேன் வைட்ஃபீல்டுக்குப் போகும் வழியில் மெட்ரோத் தூண்களுக்கு நடுவே நின்றது, ஊர்ந்தது, மறுபடி நின்றது. ஓட்டியது மஞ்சுநாத். பின்சீட்டில் தர்ஷினி தன் பாதங்களை மடியில் ஏற்றி வைத்துப் பவுடர் கலந்த கிரீம் பூசிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. வாரநாளில் கால் சென்டர், ஞாயிறானால் இளவரசி. கறுத்த முடி, மாநிறம், மூக்கில் அந்த வளைவுகூட இருந்தது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. தலைய விக்கப் போறத இப்பதான் அண்ணன் சொன்னாரு," என்றாள்.

"உன்ன என்னாத்துக்கு தப்பா நெனைக்கப் போறேன். உன் மூஞ்சி உன்னுது, இது பம்பாய் மூஞ்சி."

மஞ்சுநாத் கண்ணாடி வழியாகப் பார்த்தான். "ஏனக்கா, பன்னெண்டு வருஷமா நான் தள்ளிட்டே இருக்கேன். ஒருநாளாவது எறங்கி என்னெத் தள்ளினியா? ஸ்வல்பம் நியாயம் பேசு."

"நீ எளவரசனா இருந்தா தூக்கிட்டுப் போயிருக்கணும். சக்கரம் வெச்ச ஆளுக்கெல்லாம் நியாயம் கெடையாது."

"தூக்கறதா? மூணு இட்லியோட நிறுத்திக்கோ, அப்புறம் நோட்தினி, பாக்கறேன்."

தர்ஷினி சிரித்துக் கிரீமைச் சிந்தினாள். மங்களமும் சிரித்தாள். மடியில் இருந்த தலை அவள் வயிற்றோடு சேர்ந்து குலுங்கியது. அதற்கு இன்று மறுபடியும் மஞ்சள் முடி. விழாவுக்குச் சொன்ன அம்மா பழைய இளவரசிதான் வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஜெயராமன் அன்று பிடுங்கிப் போட்ட மஞ்சள் நூல்முடியை மங்களம் ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள். எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. நேற்று அதை அலசிக் காயவைத்துத் தைத்தாள்.

அந்த அம்மாவின் பெயர் இளவேனில். திருப்பூர்க்காரி, இங்கே ஐடி வேலை. அடுக்குமாடியின் கீழே, பார்ட்டி ஹால் வாசலில் வேனுக்கே வந்துவிட்டாள்.

"இதேதான். இதே மஞ்ச முடி," என்று தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று யோசித்தாள். "ஆனா அப்ப இவ்ளோ சிரிக்க மாட்டா இல்ல?"

"ஆமாமா. நடுவுல சிரிக்க ஆரம்பிச்சிட்டா," என்றாள் மங்களம்.

"சின்ன வயசுல டிவில இவளப் பாத்துட்டு ஒரு லீவு முழுக்க நான் தரையில கால் வெக்கல தெரியுங்களா. கட்டில்ல இருந்து சேர், சேர்ல இருந்து டேபிள். எங்கம்மா கரண்டியால போட்டாங்க ஒண்ணு. என் பொண்ணு லீனா என்னடான்னா புதுப் படத்தப் பாத்துட்டு செருப்பே போட மாட்டேங்கறா. அதான் ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுக்கலாம்னு."

மங்களம் சும்மாட்டை வைத்தாள். தலையை ஏற்றினாள். ஷூவை மாட்டினாள். மஞ்சுநாத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, "ஓகணா, போலாமா?" என்றான். சக்கரம் உருண்டது.

ஹாலில் இருபத்தைந்து குழந்தைகள் இருந்தார்கள். இளவரசி பல்லக்கில் உள்ளே வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். "தலை எவ்ளோ பெருசு பாரு." இன்னொரு சிறுமி, "இது யாரு?" என்று கேட்டாள். மங்களம் வழக்கம்போலக் கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினாள். பதிலுக்கு ஆட்டியது இளவேனிலும் இன்னும் இரண்டு மூன்று அம்மாக்களும்தான். அவர்கள் குழந்தைகளாகிக் கை ஆட்டினார்கள், குழந்தைகள் பெரியவர்களைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த கதவு திறந்தது. தர்ஷினி வெறுங்காலில் நடந்து வந்தாள். அவ்வளவுதான். இருபத்தைந்து பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். போகிற வேகத்தில் செருப்புகளைக் கழற்றி எறிந்தார்கள். பளிங்குத் தரையில் ஐம்பது பாதங்களின் சத்தம். தர்ஷினி பேசினாள், பாடினாள், ஒவ்வொரு குழந்தையையும் பெயர் கேட்டுக் கட்டிக்கொண்டாள். சுவர் ஓரம் நின்ற ஹரிஷ்குமார் போனில் அதைப் படம் பிடித்தான்.

மங்களம் பல்லக்கில் தனியாக இருந்தாள். எதிரே தெரிந்ததெல்லாம் முதுகுகள். கூப்பிடவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. சட்டம் அப்படி. தும்கூர் மேளாவில் இந்தத் தலைக்குள் யார் நிற்பார்களோ, சும்மாடு வைக்கத் தெரியுமோ தெரியாதோ என்று ஓர் எண்ணம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் இனிமேல் இந்த நேரத்துக்கு இஸ்திரிப் பெட்டி முன்னால் நிற்பாள். அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் அவளைப் பார்த்து யாராவது முகம் மலர்வது இந்த இரண்டு மணி நேரம்தான். பம்பாய் முகத்தைப் பார்த்துத்தான் என்றாலும் அந்த மலர்ச்சி வந்து விழுவது வலைத்துணிக்குப் பின்னால் இருக்கும் அவள் முகத்தில்.

பாட்டு முடிந்தது. பிறந்தநாள் குழந்தை லீனா கும்பலிலிருந்து விலகிப் பல்லக்கு முன்னால் வந்து நின்றாள். ஆறு வயது. தலையில் காகிதக் கிரீடம், கால் வெறுங்கால்.

"நீ ஏன் எறங்கல?"

மங்களம் தலையை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினாள். வழக்கமான சைகை. கூடாது.

"ஒண்ணும் ஆகாது. நான் பாத்தேன். நாலு தடவ பாத்தேன்." லீனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எறங்கு."

இழுக்க இழுக்க மங்களத்தின் கால்கள் இன்னும் மேலே ஏறின. அவள் சொல்லி அவை ஏறவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம் ஏற்றியது. இழுபறியில் பல்லக்கு ஆடியது. மஞ்சுநாத் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

"பயப்படறா," என்று லீனா திரும்பிச் சொன்னாள். "எல்லாரும் வாங்க. இந்த மிலாராவுக்கு யாரும் சொல்லல போல. இவளுக்குத் தெரியல."

குழந்தைகள் வந்தார்கள். இப்போது கேலி இல்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒன்று இந்தப் பெரிய தலைக்குத் தெரியவில்லை. அது போதுமாக இருந்தது. ஒருவன் தரையில் குதித்துக் காட்டினான். "பாரு, கல்லாகல." ஒரு பெண் தூணைத் தட்டிக் காட்டினாள். பின்வரிசையில் சிரித்தவன் மண்டியிட்டுத் தரையைத் தடவி, "ஜில்லுனு இருக்கு, அவ்ளோதான்," என்றான்.

லீனா குனிந்தாள். பாவாடை விளிம்பைத் தூக்கினாள். மங்களம் தடுப்பதற்குள் ஒரு ஷூவைப் பிடித்து உருவிவிட்டாள்.

ஹாலின் வெளிச்சத்தில் அந்தக் கால் வெளியே வந்தது. கறுத்த பாதம். சிமென்ட் தின்ற குதிகால், நெடுக வெடிப்புகள். பெருவிரல் நகம் எப்போதோ செங்கல் விழுந்து பாதியாக நின்றது. சாரத்துக் கட்டையைப் பிடித்துப் பிடித்து விரல்கள் அகன்றிருந்தன. சுவரோரம் ஹரிஷ்குமார் போனை இறக்கினான். ஓர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மங்களம் தலைக்குள்ளேயே கண்களை மூடிக்கொண்டாள். அரண்மனை இடிந்தது என்று ரங்கநாதனின் குரல் கேட்டதுபோல இருந்தது.

லீனா அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். மிருதுவான, ரோஜா நிறப் பாதம். எழுந்து தர்ஷினியிடம் போய் அவள் பாதத்தையும் குனிந்து பார்த்தாள். பவுடர் பூசிய பாதம்.

திரும்பி வந்து சொன்னாள். ரகசியம்போலத்தான் சொன்னாள், ஆனால் ஹால் முழுவதும் கேட்டது.

"இவ பொய் சொல்றா. இவ நடந்திருக்கா."

"என்னது?" என்றான் மண்டியிட்டிருந்தவன்.

"காலப் பாரு. ரொம்ப நடந்திருக்கா. நம்ம எல்லாரையும்விட நடந்திருக்கா. யாருக்கும் தெரியாம எறங்கி எறங்கி நடந்துட்டு, மேல வந்து ஒக்காந்துக்கறா."

குழந்தைகள் அந்தக் காலைச் சுற்றிக் கூடினார்கள். எல்லோரும் பார்த்தார்கள். அருவருப்பு எந்த முகத்திலும் இல்லை. ஒளித்துவைத்த மிட்டாய் கண்டுபிடிக்கப்பட்டபோது வருகிற சந்தோஷம்தான் இருந்தது. "எவ்ளோ தூரம் போன?" என்று ஒருத்தி கேட்டாள். "மைசூர் வரைக்குமா?" "காட்டுலயா?" "ராஜாவுக்குத் தெரியுமா?"

வலைத்துணிக்குப் பின்னால் மங்களம் கண்களைத் திறந்தாள். இளவரசியின் வாய் பெரிய வாய். எல்லா முகங்களும் தெரிந்தன. எல்லாம் மலர்ந்து இருந்தன. இந்த முறை அவை பம்பாய் முகத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் குனிந்து மற்ற ஷூவைத் தானே கழற்றினாள். மடிந்திருந்த முழங்காலைக் கையால் பிடித்துத்தான் நீட்டவேண்டி இருந்தது. முதலில் பெருவிரல். பிறகு பாதம். தரை ஜில்லென்றுதான் இருந்தது.

எழுந்து நின்றாள். யாரும் கத்தவில்லை. ஒரு குழந்தை அண்ணாந்து கூரையைப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டது. மங்களம் நடந்தாள். அவளுக்குத் தெரிந்த நடை ஒன்றுதான். கையைத் தொங்கவிட்டு, கழுத்தை நிறுத்தி, கலவைச் சட்டி சிந்தாமல் சாரத்தின் மேல் போகிற நடை. ஐந்து கிலோத் தலை ஒரு நூல்கூட ஆடவில்லை. மஞ்சள் முடி நேராகத் தொங்கியது. பின்னால் லீனா அதேபோலக் கழுத்தை நிறுத்தி நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள். ஒருவன் காகிதத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டான். உடனே எல்லோருக்கும் தட்டு வேண்டியிருந்தது. தர்ஷினியும் ஒரு தட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் கடைசியாகச் சேர்ந்தாள். அவளுடையது மூன்று தடவை விழுந்தது.

மஞ்சுநாத் காலிப் பல்லக்கைத் தள்ளிக்கொண்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், அந்த வரிசைக்குப் பின்னாலேயே போனான்.

திரும்பி வரும்போது வேனில் ஹரிஷ்குமாரும் ஏறிக்கொண்டான். சில்க் போர்டு சந்திப்பு தாண்டிய பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"ரெண்டு அம்மாங்க நம்பர் வாங்கிருக்காங்க. அந்த நடக்கற பிரின்சஸும் வேணும்னு கேக்கறாங்க. ரெண்டு பேரும் சேந்து."

மங்களம் மடியில் இருந்த தலையின் மஞ்சள் முடியை நீவிவிட்டாள்.

"தும்கூர்க்காரர்கிட்ட இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடறேன். ஆனா அக்கா, நடக்கும்போது அந்த ஷூவப் போட்டுக்கங்க. கால்... பாக்க ஒரு மாதிரி இருக்கு. சில பேருக்குப் புடிக்காது."

"தலை இருக்கட்டும் தம்பி," என்றாள் மங்களம். "ஷூ வேணாம்."

"இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா..."

"ஷூ போட்டுத்தான் ஆகணும்னா தலையத் தும்கூருக்கே குடுத்துருங்க."

மஞ்சுநாத் கண்ணாடியில் பார்த்தான். தர்ஷினி தன் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். ஹரிஷ்குமார் போனைச் சட்டைப் பையில் போட்டான். "சரி, பாக்கலாம்," என்றான். அவன் அப்படிச் சொன்னால் சரி என்றுதான் பொருள் என்பது மங்களத்துக்குத் தெரியும். அவனுடைய அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார்.

குடோன் வாசலில் நாற்காலி போட்டு ரங்கநாதன் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணிக்கட்டு. தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அவர் வந்து உட்காராமல் இருக்க மாட்டார். மங்களம் தலையை இறக்கி ஸ்டூலில் வைத்தாள். சும்மாட்டை எடுத்து உதறினாள்.

"ஷூவைக் கொண்டா," என்றார் ரங்கநாதன்.

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி, டியூப்லைட் அடியில் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு துளித் தூசி இல்லை.

"பேஷ்," என்றார். "பத்தொம்பது வருஷமா உன்ன மாதிரி யாரும் இல்ல மங்களம். கால் தரையில படவே இல்ல."

"ஆமாங்க," என்றாள் அவள். ஷூவைத் திரும்ப வாங்கி அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். பிறகு டெட்டால் வாளியை எடுத்துக்கொண்டு, ஈரமான சிமென்ட் தரையில் தடம் பதிய, தலையைத் துடைக்கப் போனாள்.